வரவேற்பை ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தத் தொடரைத் தேர்ந்தெடுப்பது?

ஆங்கிலத்தில் வரவேற்பு எழுத வேண்டியவருக்குச் சொற்பஞ்சம் ஏற்படுவதில்லை. தொடர்கள் மிகுதியாக இருப்பதே சிக்கல். ‘வெல்கம் டு’, ‘வீ வெல்கம் யூ டு’, ‘யூ ஆர் வெல்கம் டு’, ‘எ வார்ம் வெல்கம் டு’, ‘இட் கிவ்ஸ் மீ கிரேட் பிளெஷர் டு வெல்கம்’ என்று பல வடிவங்கள் ஒரே சமயத்தில் நினைவுக்கு வருகின்றன. இவை எல்லாமே இலக்கணப்படி சரியானவை. எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் நடுவில் நிற்கிறது. ஆயினும் ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் இன்னொன்றை எழுதினால் பொருள் மாறுகிறது, அல்லது தொடர் உடைந்துபோகிறது. நான் பார்த்தவரையில், வரவேற்புக் கடிதங்களிலும் பதாகைகளிலும் அலுவலக மின்னஞ்சல்களிலும் தென்படும் பிழைகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவை அல்ல. சரியான ஒரு தொடரின் முன்பாதியும் சரியான இன்னொரு தொடரின் பின்பாதியும் ஒட்டிக்கொள்வதால் வருபவை. ஆகவே இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எது எங்கே பொருந்தும், எது எதனோடு சேராது என்று தெளிந்துகொள்வதே பயன் தரும்.

அடிப்படை ஒன்றுதான். ‘வெல்கம்’ என்பது ஆங்கிலத்தில் நான்கு வகைச் சொல்லாக வழங்குகிறது. தனித்து நின்று வரவேற்கும் விளிச்சொல்லாகவும், வரவேற்றல் என்னும் செயலைக் குறிக்கும் வினையாகவும், வரவேற்பு என்னும் பெயராகவும், ‘வரவேற்கத்தக்க’, ‘விருப்பத்திற்குரிய’ என்று பொருள்படும் பெயரடையாகவும் அது வரும். பழைய ஆங்கிலத்தில் இது ‘வில்குமா’ என்று வழங்கியது. விருப்பத்திற்குரிய விருந்தினர் என்று பொருள். பின்னாளில் பழைய நார்ஸ் மொழியின் ‘வெல்கோமின்’, பிரெஞ்சின் ‘பியன்வெனு’ ஆகியவற்றின் தாக்கத்தால், ‘நன்றாக வந்தவர்’ என்று உணரப்படும் இன்றைய வடிவத்தை அது அடைந்தது. ‘வந்த’ என்னும் பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் ஒரு பெரிய குழப்பம் தானாகவே விலகும்.

‘வெல்கம் டு’, ‘வீ வெல்கம் யூ டு’

முதல் தேர்வு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் அமைகிறது. ‘வெல்கம் டு தி கான்ஃபரன்ஸ்’ என்பதில் எழுவாய் இல்லை, செயப்படுபொருள் இல்லை, வரவேற்பவர் யார் என்ற குறிப்பும் இல்லை. வாசலில் நிற்கும் பலகை, இணையதளத்தின் முகப்பு, கையேட்டின் முதல் பக்கம், மின்னஞ்சலின் முதல் வரி ஆகிய எல்லா இடங்களுக்கும் இதுவே பொருந்தும். படிப்பவர் வந்து சேர்ந்துவிட்டார், அவர் கண் முன் இந்த வரி இருக்கிறது, அவ்வளவு போதும். ‘வீ வெல்கம் யூ டு தி கான்ஃபரன்ஸ்’ என்பதோ முழு வாக்கியம். வரவேற்பவர் யார் என்பது முக்கியமாகும்போது, அதாவது ஒரு குழுவின் சார்பிலோ ஒரு பொறுப்பில் இருந்துகொண்டோ பேசும்போது, இது தேவைப்படுகிறது. இரண்டில் ஐயம் வந்தால் முதலாவதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. அது சுருக்கமானது, எந்த நிலையில் இருப்பவரும் எந்த நிலையில் இருப்பவருக்கும் எழுதக்கூடியது, பிழை நுழைய இடம் தராதது.

இரண்டையும் கலந்தால் பிறப்பதுதான் ‘வெல்கம் யூ ஆல் டு தி கான்ஃபரன்ஸ்’ என்னும் வரி. தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் இது அடிக்கடி வருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. ‘உங்கள் அனைவரையும் வரவேற்கிறோம்’ என்று தமிழில் சொல்லும்போது ‘நாங்கள்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ‘ஓம்’ என்னும் விகுதியே வரவேற்பவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த விகுதி கிடையாது. ‘வெல்கம் யூ’ என்று தொடங்கினால் வரவேற்பது யார் என்பது எங்கும் இல்லை. ஆகவே ‘யூ’ என்ற சொல்லை எழுதியே தீர வேண்டுமென்றால், முன்னால் ‘வீ’ அல்லது ‘ஐ’ கட்டாயம் வர வேண்டும். ‘வீ’ வேண்டாமென்றால் ‘யூ’வும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து இருக்கும், அல்லது இரண்டும் சேர்ந்து போகும்.

இன்னொரு கலவையும் தமிழ்வழி வருவதே. ‘வரவேற்கிறேன்’ என்பது நிகழ்காலமாக இருப்பதால் சிலர் ‘ஐ ஆம் வெல்கமிங் யூ ஆல்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் சில வினைகளைச் சொல்வதே அந்தச் செயலைச் செய்வதாகிவிடும். வாக்களித்தல், நன்றி கூறுதல், மன்னிப்புக் கேட்டல், வரவேற்றல் போன்றவை அவ்வகையின. மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இத்தகைய வினைகளை விரிவாக ஆராய்ந்தார். இவை தன்மை இடத்தில் சாதாரண நிகழ்காலத்திலேயே வரும். ‘ஐ தேங்க் யூ’ என்று எழுதுவது போலவே ‘ஐ வெல்கம் யூ’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐ ஆம் வெல்கமிங்’ என்பது வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருப்பதை வேறொருவருக்கு விவரிப்பது போல ஒலிக்கும்.

‘டு’ வருமா, ‘இன்’ வருமா?

வேற்றுமைச் சொற்களைப் பொறுத்தவரை தமிழரின் காது நல்ல வழிகாட்டி. ‘மாநாட்டிற்கு வரவேற்கிறோம்’ என்பதில் உள்ள ‘கு’ உருபுக்கு நேராக ஆங்கிலத்தில் ‘டு’ வருகிறது. ஜெர்மன் மொழியில் இதே இடத்தில் ‘வில்கொம்மன் இன்’ என்று வருவதால், அம்மொழி பேசுவோர் ‘வெல்கம் இன்’ என்று ஊர்ப்பெயருக்கு முன்னால் எழுதிவிடுவதுண்டு. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ‘வெல்கம்’ பெயரடையாக வரும்போது நிலைமை மாறுகிறது. ‘எங்கள் வீட்டில் உங்களுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு’ என்ற பொருளில் எழுதினால், ‘யூ ஆர் ஆல்வேஸ் வெல்கம் இன் அவர் ஹோம்’ என்பதுதான் சரி. இங்கே இடம் குறிக்கப்படுகிறது, போய்ச் சேரும் திசை குறிக்கப்படவில்லை. ‘யூ ஆர் வெல்கம் ஹியர்’ என்பதும் அவ்வாறே. அண்மைக் காலமாக அமெரிக்கக் கடைகளில் வாடிக்கையாளர் நுழையும்போது ‘வெல்கம் இன்’ என்று சொல்லும் வழக்கம் பேச்சில் பரவியிருக்கிறது. அதற்குப் பின்னால் இடப்பெயர் வருவதில்லை, ‘உள்ளே வாருங்கள்’ என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. எழுத்தில் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

‘ஹோம்’, ‘பேக்’, ‘அபோர்டு’ ஆகிய மூன்றும் ‘டு’ இல்லாமல் நேரடியாகச் சேரும். வெளியூரிலிருந்து திரும்பியவருக்கு ‘வெல்கம் ஹோம்’ என்று எழுத வேண்டும். ‘வெல்கம் டு ஹோம்’ என்பது பிழை. ஆனால் ‘எங்கள்’ என்று பொருள்படும் ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து ‘வெல்கம் டு அவர் ஹோம்’ என்றால் சரியாகிவிடுகிறது, ஏனெனில் அப்போது ‘ஹோம்’ பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. வீட்டுக்காரர் விருந்தினரிடம் சொல்லும் சொல்லாகவும் மாறிவிடுகிறது. விடுப்பு முடிந்து வந்தவருக்கு ‘வெல்கம் பேக்’ போதும். எங்கே என்று சொல்ல விரும்பினால் ‘வெல்கம் பேக் டு தி ஆபீஸ்’ என்று நீட்டலாம். கப்பலிலும் விமானத்திலும் தொடங்கிய ‘வெல்கம் அபோர்டு’ இன்று புதிய பணியாளருக்கும் எழுதப்படுகிறது. அதில் ஒரு தோழமை இருக்கிறது. எனினும் பணி நியமனக் கடிதம் போன்ற முறையான எழுத்தில் ‘வெல்கம் டு தி டீம்’ என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். ‘ஆன்போர்டு’ என்று இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக எழுதுவது பெயருக்கு முன்னால் அடையாக வரும்போதுதான் பொருந்தும் என்பதால், வரவேற்பில் அந்த வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது.

‘வெல்கம்’, ‘வெல்கம்ட்’, ‘வெல்கமிங்’

எல்லாக் குழப்பங்களிலும் பெரியது இதுதான். ‘யூ ஆர் வெல்கம்ட் டு ஜாயின் அஸ்’ என்று நன்கு படித்தவர்களும் எழுதுகிறார்கள். ‘நீங்கள் வரவேற்கப்படுகிறீர்கள்’ என்ற செயப்பாட்டு வினை மனத்தில் ஓடுவதால், இறந்தகால வடிவம் வேண்டும் என்று கை தானாகவே ‘டி’ என்ற எழுத்தைச் சேர்த்துவிடுகிறது. ‘வந்த’ என்னும் பொருள் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் அதற்குத் தேவையில்லை. இங்கே வேண்டியது வினை அன்று, பெயரடை. ‘யூ ஆர் வெல்கம் டு ஜாயின் அஸ்’ என்றால் ‘எங்களோடு சேர்ந்துகொள்ள உங்களுக்குத் தடையில்லை, வந்தால் மகிழ்வோம்’ என்று பொருள். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ‘வெல்கம்’ இருக்கும் இடத்தில் ‘ஃப்ரீ’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். ‘யூ ஆர் ஃப்ரீ டு ஜாயின் அஸ்’ என்றுதான் யாரும் எழுதுவார்கள். ‘ஃப்ரீட் டு ஜாயின்’ என்று எழுத எவருக்கும் கை வராது. ‘ஃப்ரீ’ பொருந்துகிற இடத்தில் ‘வெல்கம்’ என்பதற்கும் ‘டி’ தேவையில்லை.

அப்படியானால் ‘வெல்கம்ட்’ எப்போது சரி? வரவேற்றல் என்னும் செயல் உண்மையாகவே நிகழ்ந்து, அதை யாரோ செய்தார்கள் என்று சொல்லும்போது. ‘தி கெஸ்ட்ஸ் வேர் வெல்கம்ட் அட் தி கேட்’ என்பது நடந்த நிகழ்ச்சியைக் கூறும் அறிக்கை. ‘பை தி செக்ரட்டரி’ என்று செய்தவரையும் சேர்க்கலாம். ‘தி டிசிஷன் வாஸ் வெல்கம்ட் பை தி மெம்பர்ஸ்’ என்பதும் அப்படியே. நிகழ்ச்சி அறிக்கை எழுதுபவருக்கு ‘வெல்கம்ட்’ வேண்டும். அழைப்பு எழுதுபவருக்கு அது பெரும்பாலும் வேண்டாம்.

கருத்துக் கேட்கும்போதும் இதே தேர்வு வருகிறது. ‘சஜெஷன்ஸ் ஆர் வெல்கம்’ என்றால் ‘ஆலோசனைகளை அனுப்புங்கள், ஏற்றுக்கொள்வோம்’ என்னும் அழைப்பு. ‘சஜெஷன்ஸ் ஆர் வெல்கம்ட்’ என்பது இலக்கணப் பிழை அன்று. ஆனால் ‘ஆலோசனைகள் வரவேற்கப்படுவது வழக்கம்’ என்று ஒரு நடைமுறையை விவரிப்பது போலத் தொனிக்கிறது, அழைக்கும் தன்மை குறைந்துவிடுகிறது. ‘வீ வெல்கம் யுவர் சஜெஷன்ஸ்’ என்று செய்வினையில் எழுதுவது மூன்றாவது வழி. மூன்றில் எனக்கு இதுவே பிடிக்கும், ஏனெனில் ஆலோசனையைப் பெற்றுக்கொள்ளப்போவது யார் என்ற பொறுப்பு அதில் வெளிப்படையாக இருக்கிறது. ‘ஃபீல் வெல்கம்’, ‘ஃபீல் வெல்கம்ட்’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளவை. முன்னது ஒருவருடைய மனநிலையையும் பின்னது மற்றவர் நடந்துகொண்ட விதத்தையும் சற்றே அழுத்துகின்றன. பொதுவான எழுத்துக்கு முன்னது போதும்.

‘வெல்கமிங்’ என்பது வரவேற்கும் இயல்புடைய என்று பொருள்படும். ஊழியர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள் என்பதற்கு ‘தி ஸ்டாஃப் வேர் வெரி வெல்கம்’ என்று எழுதினால், ‘ஊழியர்கள் வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி’ என்று தலைகீழாகப் பொருள் தரும். அங்கே ‘வெல்கமிங்’ என்றே எழுத வேண்டும். மாறாக, ஒரு நல்ல மாற்றத்தை ‘எ வெல்கம் சேஞ்ச்’ என்போம். மாற்றம் யாரையும் வரவேற்பதில்லை, நாம்தான் அதை வரவேற்கிறோம்.

‘யூ ஆர் வெல்கம் டு’ என்பதன் இரண்டு கண்ணிகள்

இந்தத் தொடரைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ‘டு’வுக்குப் பிறகு வினை வர வேண்டும். ‘யூ ஆர் வெல்கம் டு விசிட் அவர் ஆபீஸ்’ என்பதில் சிக்கல் இல்லை. வினையை விட்டுவிட்டு ‘யூ ஆர் வெல்கம் டு அவர் ஆபீஸ்’ என்று எழுதினால், நம் கருத்து புரிந்துவிடும் என்றாலும், ஆங்கிலத்தில் அதே அமைப்புக்கு ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்ற பொருளும் உண்டு என்பதால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். ‘யூ ஆர் வெல்கம் டு இட்’ என்று ஒருவர் சொன்னால், ‘எனக்கு அது வேண்டாம், தாராளமாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அர்த்தம். பதாகையில் இந்த அமைப்பை எழுதுவதைவிட ‘வெல்கம் டு அவர் ஆபீஸ்’ என்று எழுதிவிடலாம்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. இந்தத் தொடர் அனுமதி தருகிறது, வற்புறுத்துவதில்லை. ‘யூ ஆர் வெல்கம் டு அட்டெண்ட்’ என்று எழுதினால், வருவதும் வராததும் படிப்பவர் விருப்பம். கட்டாயம் வர வேண்டிய கூட்டத்திற்கு இப்படி எழுதிவிட்டு, வராதவர்கள்மேல் வருத்தப்படுவதில் நியாயமில்லை. அங்கே ‘ப்ளீஸ் அட்டெண்ட்’ என்று நேராக எழுதுவதே மரியாதையும் தெளிவும் உடையது. சிறப்பு விருந்தினராக ஒருவரை அழைக்கும் கடிதத்திலும் இது பொருந்தாது; ‘வந்தால் வரலாம்’ என்ற தொனி அவருக்குக் குறைவாகப் படும். வருமாறு கேட்கும் கடிதத்திற்கு உரிய வினை ‘இன்வைட்’. வந்து சேர்ந்தவருக்கு உரியது ‘வெல்கம்’. இன்னும் வராதவருக்கு, வருகை உறுதியான பின் எழுதும் கடிதத்தில், ‘வீ லுக் ஃபார்வர்ட் டு வெல்கமிங் யூ’ என்று முடிக்கலாம்.

இந்தக் கடைசித் தொடரிலும் ஒரு கலவை ஒளிந்திருக்கிறது. ‘வீ ஹோப் டு வெல்கம் யூ’ என்பதில் ‘டு’வுக்குப் பின் வெறும் வினை வருவதால், ‘லுக் ஃபார்வர்ட் டு வெல்கம் யூ’ என்றும் எழுதிவிடுகிறார்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதிலுள்ள ‘டு’ முன்னிடைச்சொல். அதன் பின் பெயரோ பெயர்போல நிற்கும் ‘இங்’ வடிவமோதான் வரும். ‘லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்’ என்று பெயரை வைத்தும் எழுதலாம் என்பதை நினைவில் கொண்டால் பிழை நேராது.

அலங்காரத் தொடர்களும் எளிய தொடரும்

பெயர்ச்சொல்லாக வரும் ‘வெல்கம்’ அடையை விரும்புகிறது. ‘எ வார்ம் வெல்கம் டு ஆல் அவர் டெலிகேட்ஸ்’ என்பது வரவேற்புரையின் தொடக்கமாக நன்றாக இருக்கும். பதாகையில் ‘எ’ என்ற சொல்லை விட்டுவிடுவது தலைப்புகளுக்கு உரிய சுருக்கம் என்று ஏற்கலாம், கடிதத்தில் விடக்கூடாது. ‘வீ எக்ஸ்டெண்ட் எ வார்ம் வெல்கம் டு’ என்பது முறையான எழுத்தில் நிலைபெற்ற அமைப்பு. ‘அக்கார்டு’ என்ற வினை நாளிதழ்ச் செய்திகளில் வாழ்கிறது, கடிதத்தில் கனமாகத் தெரியும். ‘ஹார்ட்டி’ சற்றுப் பழமையானது. ‘கார்டியல்’ மரியாதையானது, ஆனால் நெருக்கம் குறைவு. ‘ஹார்ட்ஃபெல்ட்’ பெரும்பாலும் நன்றியோடும் இரங்கலோடும்தான் சேரும். எனவே அடை ஒன்று வேண்டுமென்றால் ‘வார்ம்’ என்பதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ‘வார்ம்லி வெல்கம் டு ஆல்’ என்பது மட்டும் வேண்டாம். ‘வீ வார்ம்லி வெல்கம் ஆல்’ என்பதும் ‘எ வார்ம் வெல்கம் டு ஆல்’ என்பதும் மோதிக்கொண்டதன் விளைவு அது. வினையாக நினைத்தால் ‘டு’ மிகை, பெயராக நினைத்தால் ‘லி’ மிகை.

மேடை உரையிலும் தலைவர் கையெழுத்திடும் கடிதத்திலும் நீண்ட தொடர்களுக்கு இடம் உண்டு. ‘இட் கிவ்ஸ் மீ கிரேட் பிளெஷர் டு வெல்கம்’ என்பதும், ‘ஐ ஹேவ் கிரேட் பிளெஷர் இன் வெல்கமிங்’ என்பதும் தம்மளவில் சரியானவை. ‘இட் கிவ்ஸ்’ என்று தொடங்கினால் ‘டு வெல்கம்’ என்று முடிக்க வேண்டும். ‘ஐ ஹேவ்’ என்று தொடங்கினால் ‘இன் வெல்கமிங்’ என்று முடிக்க வேண்டும். ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு சேர்த்து ‘இட் கிவ்ஸ் மீ கிரேட் பிளெஷர் இன் வெல்கமிங்’ என்று எழுதுவதுதான் மேடைக் குறிப்புகளில் காணும் வழக்கமான தவறு. இவ்விரண்டின் மதிப்பையும் சொற்சுமை இல்லாமல் தரக்கூடியது ‘வீ ஆர் டிலைட்டட் டு வெல்கம் யூ டு’ என்னும் அமைப்பு. ஒரு நிறுவனத்தின் சார்பில் எழுதும் கடிதத்திற்கு நான் பரிந்துரைப்பது அதையே. ‘ஐ டேக் திஸ் ஆப்பர்ச்சூனிட்டி டு வெல்கம்’ என்பது பிழையில்லாதது. ஆனால் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோனது, வரவேற்கப்படுபவரின் மனத்தில் எதையும் பதியவைப்பதில்லை. ஒருவருக்கு மட்டும் எழுதும் கடிதத்தில் ‘யூ ஆல்’ என்றோ ‘ஒன் அண்ட் ஆல்’ என்றோ எழுதினால், பொதுக் கடிதம் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியது வெளிப்பட்டுவிடும்.

நன்றிக்குப் பதில்

யாராவது நன்றி தெரிவித்தால் எழுதும் ‘யூ ஆர் வெல்கம்’ வேறு வேலை செய்கிறது. இதைச் சுருக்கி எழுதும்போது ‘யூ ஆர்’ என்பதன் சுருக்கத்தில் ‘அப்பாஸ்ட்ரஃபி’ எனப்படும் மேற்குறியும் கடைசி ‘ஈ’ எழுத்தும் இருக்க வேண்டும். ‘உங்களுடைய’ என்று பொருள்படும் ‘யுவர்’ இங்கே வராது. ஆனால் ‘தேங்க் யூ ஃபார் யுவர் வார்ம் வெல்கம்’ என்பதில் அதே ‘யுவர்’தான் சரி. ‘வெல்கம்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உள்நாட்டு நண்பர்களுக்குள் அது போகட்டும், பிற நாட்டவருக்கு எழுதும்போது ‘எங்கே வரவேற்கிறார்?’ என்ற ஐயம் எழாமல் முழுத் தொடரையும் எழுதிவிடலாம். அலுவலக மின்னஞ்சலில் ‘ஹாப்பி டு ஹெல்ப்’, ‘மை பிளெஷர்’ ஆகியவை இதைவிடக் கனிவானவை. ‘நோ ப்ராப்ளம்’ நெருங்கியவர்களுக்குப் பொருந்தும். மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும்போது, அவர் உதவி கேட்டதே ஒரு தொல்லையாக இருந்திருக்கலாம் என்ற நிழலைச் சிலர் அதில் காண்கிறார்கள்.

காற்புள்ளியும் எழுத்துக்கூட்டலும்

சிறியது என்று விடக்கூடாத குறி காற்புள்ளி. ‘வெல்கம் டு தி டீம்’ என்பதற்குப் பின் காற்புள்ளி இட்டு ‘மாலா’ என்று எழுதினால் மாலாவை நேரே விளித்து வரவேற்கிறோம். ‘வெல்கம் மாலா டு தி டீம்’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், ‘வெல்கம்’ ஏவல் வினையாகி, ‘மாலாவைக் குழுவிற்குள் வரவேற்பீர்களாக’ என்று மற்றவர்களுக்கு இடும் கட்டளையாகிவிடுகிறது. மற்றவர்களுக்குத்தான் எழுதுகிறோம் என்றால், ‘ப்ளீஸ் ஜாயின் மீ இன் வெல்கமிங் மாலா டு தி டீம்’ என்பது மிக அழகான வடிவம்.

எழுத்துக்கூட்டலில் ‘எல்’ ஒன்றே. ‘ஃபேர்வெல்’ என்பதில் இரண்டு வருவதால் இங்கும் இரண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். ‘வெல்ஃபேர்’ என்பதில் ஒன்று மட்டும் இருப்பதை நினைவில் கொள்ளலாம். இலண்டனின் வெல்கம் டிரஸ்ட் பெயரில் இரண்டு ‘எல்’ வருவதைப் பார்த்தவர்கள் குழம்ப வேண்டியதில்லை. 1936-இல் தொடங்கிய அந்த அறக்கட்டளை ஹென்றி வெல்கம் என்னும் மருந்துத் தொழிலதிபரின் குடும்பப் பெயரைத் தாங்கியது.

ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்த்தால்

புதிய உறுப்பினருக்கு ஒரு சங்கம் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: ‘டியர் மாலா, வார்ம்லி வெல்கம் டு அவர் அசோசியேஷன். ஐ ஆம் வெல்கமிங் யூ ஆன் பிஹாஃப் ஆஃப் ஆல் தி மெம்பர்ஸ். யூ ஆர் வெல்கம்ட் டு அட்டெண்ட் தி ஃபர்ஸ்ட் மீட்டிங். வீ லுக் ஃபார்வர்ட் டு வெல்கம் யூ.’ நான்கு வரிகளில் நான்கு முறை ஒரே சொல், நான்கு இடத்திலும் கலவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்தினால் இலக்கணம் சரியாகும், சலிப்பு நீங்காது. முதல் வரியை ‘வெல்கம் டு அவர் அசோசியேஷன்’ என்று வெறுமையாக விட்டு, இரண்டாவது வரியை ‘ஆல் தி மெம்பர்ஸ் ஆர் டிலைட்டட் தட் யூ ஹேவ் ஜாயின்ட் அஸ்’ என்று மாற்றினால், வரவேற்பு அடையில் இல்லாமல் செய்தியில் வந்து அமர்கிறது. கடைசி வரியில் ‘வீ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்றால் போதும். மூன்றாவது வரிதான் எழுதுபவரின் முடிவுக்குக் காத்திருக்கிறது. அந்த முதல் கூட்டத்திற்கு மாலா விரும்பினால் வரலாம் என்றால் ‘யூ ஆர் வெல்கம் டு அட்டெண்ட்’ என்றும், அவர் வந்தே ஆக வேண்டும் என்றால் நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு ‘ப்ளீஸ் அட்டெண்ட்’ என்றும் எழுத வேண்டும்.